புயலில் அழிந்ததாகச் சொல்லப்பட்ட செல்கள்

முப்பது வயது முடிவதற்குள் ஒரு தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டவள் நான். ஓய்வூதியம் கிடையாது, வழியனுப்பு விழா கிடையாது. ராஜினாமாக் கடிதத்தை வாங்கிக்கொண்ட எழுத்தர் "கல்யாணமா மேடம்?" என்று மட்டும் கேட்டார். இப்போது திருப்பாதிரிப்புலியூரில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற மாதம் அவர்களில் இரண்டு பெண்கள், ஆராய்ச்சிக்குப் போகலாமா என்று கேட்டார்கள். கல்லூரி விளம்பரத் தாள்களையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். எல்லாத் தாளிலும் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் நுண்ணோக்கியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நுண்ணோக்கியைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அன்று பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். இது அவர்களுக்கான பதில்.

2004இல் சிதம்பரத்தில் முதுகலை சேர்ந்தேன். 2006இல் ஊருக்கு வெளியே இருந்த ஒரு மீன் நோய் ஆய்வகத்தில் தொழில்நுட்ப உதவியாளர் வேலை கிடைத்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் கற்றவை: கண்ணாடி கழுவுவது, செல்லுக்கு ஊற்றும் சத்து நீர் தயாரிப்பது, கை நடுங்காமல் பிப்பெட் பிடிப்பது, பூஞ்சை வந்த குடுவையை மூடி திறக்காமலே கண்டுபிடிப்பது, என்ன வேலை என்று உறவினர் கேட்டால் "லேப்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வது.

என் பொறுப்பு, கொடுவா மீனின் மண்ணீரலிலிருந்து எடுத்த செல்களை வளர்ப்பது. குடுவையின் அடியில் அவை பாய் விரித்ததுபோல் ஒட்டிப் படர்ந்திருக்கும். பழைய நீரை உறிஞ்சி எடுக்கவேண்டும், உப்புக் கரைசலில் மெதுவாக அலசவேண்டும், இளஞ்சிவப்பான புதிய சத்து நீரைச் செல்களின் மேல் படாமல் எதிர்ச்சுவரில் வழியவிடவேண்டும். இடம் நெருக்கடியாகிவிட்டால், ஒட்டு விடுவிக்கும் மருந்தை ஊற்றி, செல்கள் உருண்டு மேலெழும்வரை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்து, குடுவையின் பக்கத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு. பலமாகத் தட்டினால் செத்துப்போகும். பிறகு இரண்டு குடுவையாகப் பிரித்து இன்குபேட்டரில் வைக்கவேண்டும். அது ஒரு சின்ன பீரோ மாதிரி இருக்கும். உள்ளே எப்போதும் இருபத்தெட்டு டிகிரி.

எங்கள் பேராசிரியரை எல்லாரும் சார் என்றுதான் அழைத்தோம். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. செல் அறைக்குள் வருமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார், முழங்கை வரை கழுவுவார், பிறகு நம் பின்னால் வந்து நிற்பார். பிப்பெட் நுனி எங்காவது பட்டுவிட்டால் தொண்டையைச் செருமுவார். அவ்வளவுதான். நாம் அந்த நுனியை எறிந்துவிட்டுப் புதிதை எடுக்கவேண்டும். எந்த முடிவைக் கொண்டுபோய்க் காட்டினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கன்ட்ரோல் எங்க?" ஒப்பிட்டுப் பார்க்க, எதுவும் செய்யாத செல்களையும் கூடவே வைத்திருந்தாயா என்று அர்த்தம். இல்லையென்றால் தாளைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார். "கன்ட்ரோல் இல்லாத ரிசல்ட்டு வதந்திம்மா."

அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. சுத்தமான செல்களுக்கு ஓர் அறை, வைரஸ் செலுத்திய செல்களுக்கு வேறோர் அறை. தனித்தனி இன்குபேட்டர், தனித்தனிக் கோட்டு, தனித்தனிச் செருப்பு. வைரஸ் அறைக்குள் கால் வைத்தவர் அன்று முழுக்கச் சுத்த அறைப் பக்கம் வரக்கூடாது. சுத்த அறைக்காரருக்கு வைரஸ் அறையில் வேலையே கிடையாது. நான் சேர்வதற்கு முன் யாரோ இதை மீறியதில் ஆய்வகத்தின் செல்கள் மொத்தமும் வைரஸ் பட்டுச் செத்திருந்தன. சரியான சட்டம். எந்த மீன் நோய் ஆய்வகத்திலும் இதைத்தான் சொல்லித்தருவார்கள். எங்களைக் கவிழ்த்தது இந்தச் சட்டம்தான்.

கலைவாணி 2008இல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். கடலூரை ஒட்டிய ஒரு மீனவக் கிராமம். அவள் வைரஸ் அறை, நான் சுத்த அறை. காலையில் இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த சிறிய ஜன்னல் வழியாகக் குடுவைகளை நீட்டுவேன்.

"பொண்ண அனுப்புறேன். பத்திரமா பாத்துக்கடி."

"எங்கூட்டுக்கு வந்த பொண்ணு எது பொழச்சிருக்கு? குடு இங்க."

அவள் ஆய்வு செய்த வைரஸ், கொடுவாக் குஞ்சுகளின் மூளையையும் கண்ணையும் தின்பது. குஞ்சுகள் தொட்டியில் சுற்றிச் சுற்றி நீந்திச் சாகும். அவள் ஆய்வைப் புரிந்துகொள்ள இவ்வளவு தெரிந்தால் போதும். வைரஸ் நுழைந்ததும் செல் சும்மா இருப்பதில்லை. அபாயத்தை அறிவிக்கும் புரதங்களைத் தயாரிக்கும். அந்த அறிவிப்பைக் கேட்டு அக்கம்பக்கத்துச் செல்களும் தற்காப்புக்குத் தயாராகும். புரதம் தயாரிக்க வேண்டுமென்றால் மரபணுவிலிருந்து ஒரு செய்தி நகல் வரவேண்டும். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது ஏறக்குறைய இருபத்திரண்டு எழுத்து நீளமே உள்ள ஒரு துணுக்கு. அதனால் எந்தப் புரதத்தையும் உண்டாக்க முடியாது. தனக்குப் பொருந்துகிற செய்தி நகலின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, அதைப் படிக்கவிடாமல் செய்யும். அபாய அறிவிப்பு அளவு மீறிச் செல்லையே கெடுத்துவிடாமல் அடக்கிவைக்க மீனுக்கு இந்தத் துணுக்கு தேவை. ஆனால் சில வைரஸ்கள் இதே துணுக்கைப் பெருகவைத்து, ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்குவதுபோல, அறிவிப்பையே நிறுத்திவிடுகின்றன. எங்கள் வைரஸும் அப்படிச் செய்கிறதா? இதுதான் கலையின் கேள்வி.

2010இல் பதில் கிடைத்தது. செய்கிறது. வைரஸ் செலுத்திய செல்களில் ஒரு குறிப்பிட்ட துணுக்கு, சுத்தமான செல்களில் இருப்பதைவிடப் பல மடங்கு இருந்தது. திரும்பத் திரும்பச் செய்தோம். திரும்பத் திரும்ப வந்தது. கன்ட்ரோலும் இருந்தது, என் அறையில்.

மறு ஆண்டு கட்டுரையை ஒரு வெளிநாட்டு இதழுக்கு அனுப்பினோம். எழுதியவர்கள்: சார், கலை, மூன்றாவதாக நான். கட்டுரை ஏற்கப்படாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது என்பது எங்கள் துறை விதி. கலைக்கு உதவித்தொகை அடுத்த மார்ச்சோடு முடிகிறது. ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆய்வேடு சமர்ப்பித்த சான்றோடு போனால் வேலை, போகாவிட்டால் அத்தை மகன். அவள் அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "மார்ச்சு வரைக்கும் உன் இஷ்டம். அதுக்கப்புறம் எங்க இஷ்டம்."

இதழிலிருந்து ஆகஸ்டில் பதில் வந்தது. கட்டுரை நன்றாக இருக்கிறது, ஆனால் சூடுபடுத்திச் சாகடித்த வைரஸையும் செலுத்திப் பார்த்து அந்த முடிவைச் சேர்க்கவேண்டும். உயிருள்ள வைரஸ்தான் துணுக்கைப் பெருக்குகிறது என்றால், செத்த வைரஸ் பெருக்கக்கூடாது. நியாயமான கேள்வி. கலை தன் அறையில் செய்தாள். செத்த வைரஸுக்கும் அதே ஏற்றம்.

"சரியா சாவலபோல" என்றாள். மறுபடி சூடுபடுத்தினாள். அதே ஏற்றம்.

"எதுவுமே ஊத்தாம ஒரு குடுவையை உன் ரூம்லயே வெச்சுப் பாரு" என்றேன்.

"உங்கிட்ட இருக்குதே, அதானே கன்ட்ரோலு?"

"உன் ரூம்லயும் ஒண்ணு வை."

வெறும் சத்து நீரில், எந்த வைரஸும் படாமல், அவள் அறையில் இருந்த செல்களிலும் அதே ஏற்றம். அவள் தாளை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

நான் பட்டியல் போட்டேன். இரண்டு அறைக்கும் என்னென்ன வேறுபாடு? சத்து நீர், ஒரே புட்டி. செல், ஒரே தலைமுறை. குடுவை, ஒரே பெட்டி. கை, நானே தயாரித்து நீட்டிய குடுவையை அப்படியே அவள் அறையில் வைத்துப் பார்த்தோம், வித்தியாசமில்லை. இன்குபேட்டர், இரண்டுமே காலையிலும் மாலையிலும் இருபத்தெட்டு காட்டின. பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

விடை ஒரு நண்பகலில் கிடைத்தது. வழக்கமான மின்வெட்டு. சுத்த அறையில் எல்லாம் அணைந்து வேர்த்துக்கொட்ட, காற்றுக்காக வராந்தாவுக்கு வந்தேன். வைரஸ் அறைக் கதவருகில் நின்றபோது உள்ளே இன்குபேட்டரின் உறுமல் கேட்டது. கட்டடத்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அந்தப் பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கலை வெளியே வந்ததும் கேட்டேன். "உன் இன்குபேட்டரு கரன்ட் போனாலும் நிக்காதா?"

"இன்வர்ட்டர்ல இல்ல இருக்குது. ஏன், உன்னுது நிக்குமா?"

மூன்று ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து அறையில் வேலை செய்திருக்கிறோம். என் அறையில் பெட்டி நிற்கும் என்பது எனக்குத் தெரியும். அவள் அறையில் நிற்காது என்பது அவளுக்குத் தெரியும். ஒருவர் அறைக்குள் இன்னொருவர் போகாததால், எங்களில் இரண்டையும் சேர்த்துத் தெரிந்தவர் யாருமில்லை. என் இன்குபேட்டர் பழசு, கதவு ரப்பர் பிய்ந்தது. தினமும் நண்பகலில் அது அறையின் வெக்கைக்கு ஏறி, மாலை நாங்கள் பார்க்கும்போது மறுபடி இருபத்தெட்டுக்கு வந்து நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது. வைரஸ் பட்ட செல்களில் துணுக்கு ஏறவேயில்லை. சுத்தமான செல்களில்தான் வெக்கையில் இறங்கிக்கொண்டிருந்தது.

இருவரும் சாரிடம் போனோம். அவர் முழுவதையும் கேட்டார். எந்தத் தலைமுறைச் செல், கதவு எத்தனை முறை திறந்தது என்று மூன்று நான்கு கேள்விகள் கேட்டார். பிறகு சொன்னார்: "அந்த ரூமுக்கு இன்வர்ட்டர் போடச் சொன்னது நான்தான். கரன்ட் போனா ஏர் ஃபில்டர் நின்னு வைரஸ் வெளிய வந்துடக் கூடாதுன்னு. மிச்ச எடத்துக்குப் பணம் பத்தல." பேனாவின் மூடியைத் திருகி மூடினார். "நல்ல வேலை செஞ்சிருக்கீங்க. பழசையும் இன்வர்ட்டர்ல போட்டு எல்லாத்தையும் முதல்லேர்ந்து ரிபீட் பண்ணுவோம். எடிட்டர்கிட்ட ஜனவரி வரைக்கும் டைம் கேக்குறேன்."

அந்த மாலை அவர்மேல் எனக்கு இருந்த மரியாதையை இப்போதும் மறுக்கமாட்டேன். இன்வர்ட்டருக்கு மின் பணியாளர் மூன்று கடைகளில் விலை கேட்டுக் கொட்டேஷன் வாங்கிக் கொடுத்தார். கோப்பு அலுவலகத்துக்குப் போனது.

டிசம்பர் கடைசியில் 'தானே' என்று பெயரிடப்பட்ட புயல் வந்தது. விடிந்தபோது சிதம்பரத்தில் நிமிர்ந்து நின்ற மின்கம்பத்தைத் தேடவேண்டியிருந்தது. கடலூர் இன்னும் மோசம். ஆய்வகத்தில் வேப்பமரத்தின் ஒரு கிளை சுத்த அறை ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தது. இன்குபேட்டர் கதவு திறந்து கிடந்தது. குடுவைகளில் மழைத் தண்ணீர். வைரஸ் அறையிலும் பூஞ்சை. வளர்ந்துகொண்டிருந்த செல் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மிஞ்சியவை திரவ நைட்ரஜன் கேனுக்குள் உறைந்திருந்த குப்பிகள். அவைதான் விதை. உருக்கி வளர்த்தால் மறுபடி எல்லாம் தொடங்கலாம். ஆனால் நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அளவு பார்க்க ஒரு மரக்குச்சியை உள்ளே விட்டு எடுக்கவேண்டும். வெண்பனி படிந்த உயரம்தான் மிச்சமுள்ள நைட்ரஜன். குச்சியின் நுனியில் மட்டும் வெள்ளையாக இருந்தது. புதுச்சேரியிலிருந்து நைட்ரஜன் கொண்டுவரும் வண்டிக்குச் சாலை இல்லை, போன் இல்லை. சாரும் ஊரில் இல்லை.

எங்கள் உதவியாளர் மூர்த்தி அண்ணன் குச்சியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எம்மச்சான் மங்கலம்பேட்டைப் பக்கம் மாட்டாஸ்பத்திரியில இருக்கான்ம்மா. மாட்டுக்குச் செனை ஊசி போடுற காள விந்த இதே மாதிரி கேன்லதான் வெச்சிருப்பானுவ. அங்க புயலு அவ்ளோ இல்ல."

சின்னக் கேனில் குப்பிகளை மாற்றிக்கொண்டு, ஓடத் தொடங்கியிருந்த முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடித்து விருத்தாசலம் போய், அங்கிருந்து நானும் அவரும் மங்கலம்பேட்டை போனோம். மடியில் புகையும் கேனைப் பார்த்து நடத்துனர் எங்களைக் கடைசி இருக்கைக்கு அனுப்பினார். கால்நடை மருந்தகத்தில் மூர்த்தி அண்ணனின் மச்சான் கேனின் மூடியைத் திறந்து பார்த்தார்.

"என்னா மச்சான் இது?"

"மீனு. ஒன் காளைவோகூட ஓரமா வெச்சிக்க."

"மீனா? நாளைக்கி எவன் ஊட்டுலனா கன்னுக்குட்டி செதிலோட பொறந்தா நீதான் வந்து பதில் சொல்லணும்."

"வால ஆட்டிக்கினு நீந்துனா சொல்லி அனுப்பு, நானே வந்து புடிச்சிக்கிறேன்."

காளை விந்துக் குச்சிகளுக்கு நடுவில் எங்கள் குப்பிகளை இறக்கினேன். அந்த ஆண்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

சார் திரும்பியதும் அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன். "செல் இருக்கு சார். பத்திரமா இருக்கு. கரன்ட் வந்ததும் உருக்கிடலாம்."

அவர் மகிழ்ச்சியடைவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாரு எடுத்துட்டுப் போகச் சொன்னது?"

"நைட்ரஜன் இல்ல சார்."

"எடிட்டருக்குப் பதில் அனுப்பிட்டேன் எஸ்தர். சென்னையில நெட் கெடச்சுது. சைக்ளோன்ல செல் கல்ச்சர் எல்லாம் போயிடுச்சு, அந்த எக்ஸ்பெரிமென்ட்ட இனிமே செய்ய முடியாதுன்னு எழுதிட்டேன். அவங்களும் நியூஸ் பாத்திருக்காங்க. வருத்தம் தெரிவிச்சு, அது இல்லாமலே எடுத்துக்கிறோம்னுட்டாங்க."

"நாம செஞ்சோமே சார். ரிசல்ட் வந்துச்சே."

"வந்துச்சு. ரிபீட் பண்ணலயே."

"இப்ப பண்ணலாமே சார். அப்படியே விட்டா அதுக்குக் கன்ட்ரோல் எங்க சார்?"

அவர் கோபப்படவில்லை. "கலை வீட்ட போயி பாத்தியா?" என்று கேட்டார். "நான் வர்ற வழியில பாத்துட்டு வர்றேன். கூரை இல்ல. படகு ரெண்டா கெடக்கு. மார்ச்சுக்குள்ள உன்னால ரிபீட் முடிக்க முடியுமா?"

முடியாது. உருக்கி, வளர்த்து, பெருக்கி, வைரஸ் செலுத்தி, மறுபடி அளந்து. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் சொன்னதில் கலையின் வீட்டைப் பற்றியது எல்லாம் உண்மை. அதனால்தான் அதை மறக்கமுடியவில்லை. தன் கட்டுரைக்காக மட்டும் செய்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். தன் கட்டுரைக்காகவும் செய்தார், அவளுக்காகவும் செய்தார். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அதற்கொரு கருவி கிடையாது.

கலை அடுத்த வாரம்தான் வந்தாள். சார் எழுதியது அவளுக்கு முன்னமே தெரிந்திருந்தது. மரக்கிளையை வெட்டி எடுத்திருந்த ஜன்னலருகே நின்றோம்.

"நீ சொல்றது சரிதான் எஸ்தரு. அவுரு பண்ணது தப்புதான். நீ வேணும்னா எடிட்டருக்கு எழுது. நான் தடுக்கமாட்டேன், உன்மேல கோவப்படவும் மாட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. எழுதுறதுக்கு மொத நாளு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடு. எங்கப்பாகிட்ட நானே போயி சொல்லிக்கிறேன். வேற யாரும் சொல்லி அவுரு கேக்கக் கூடாது."

இதைவிட என்னைத் திட்டியிருக்கலாம். அவள் அப்பா அன்று உடைந்த படகின் பலகைகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாராம், எது விறகுக்கு, எது திரும்பப் பயன்படும் என்று.

நான் எழுதவில்லை. கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி சாரிடம் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றார். மார்ச்சில் கலை ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். ஏப்ரலில் நான் ராஜினாமா செய்தேன். பிழையான ஒரு முடிவு சத்தம் போடாது. அச்சாகும், மேற்கோள் காட்டப்படும். எங்கோ ஒரு பெண் அதை நம்பித் தன் மூன்று ஆண்டுகளைத் தொடங்குவாள். துணுக்கு ஏறாதபோது தன் கையைத்தான் சந்தேகிப்பாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கலை எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்லூரி வேலையில் சேர்ந்திருந்தாள். அச்சான கட்டுரையைக் கொண்டுவந்திருந்தாள். வாய்மொழித் தேர்வு இன்னும் வரவில்லை, அதற்காக ஆய்வகத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தாள்.

"கடைசிப் பக்கத்தப் பாரு" என்றாள்.

நன்றியுரை. அதில் ஒரு வரி: புயலின்போது செல்களைக் காப்பாற்ற எஸ்தர் மேற்கொண்ட முயற்சிக்கு நன்றி.

"யாரு எழுதுனது?"

"நான்தான். சாரு அப்படியே உட்டுட்டாரு. உம்பேரு எங்கனா ஒரு எடத்துல இருக்கணும்னு தோணிச்சு."

"முயற்சி இல்லடி. காப்பாத்துனேன்."

"தெரியும்." தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். "இந்தப் பேப்பர்ல பொய் கலக்காத வரி அது ஒண்ணுதான் எஸ்தரு. அதையும் எடுக்கச் சொல்லாத."

அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். அவர் உள்ளே போனதும் கலை டம்ளரை எடுத்தாள்.

"உங்கிட்ட சொல்லணும்" என்றாள் கலை. "மூர்த்தி அண்ணன அனுப்பி சாரு அந்தக் குப்பியெல்லாம் எடுத்தாந்துட்டாரு. எல்லாம் உசுரோட இருக்குது, நல்லா வளருது. புயலுக்கப்புறம் புதுசா எடுத்த செல்லுன்னு வேற பேரு வெச்சிருக்காரு. அடுத்த ப்ராஜெக்ட்டும் வந்துடுச்சு. இதே மைக்ரோ ஆர்.என்.ஏ.தான். ரெண்டு புதுப் பொண்ணுங்க சேந்திருக்குதுங்க, ஒண்ணு சுத்த ரூமு, ஒண்ணு வைரஸ் ரூமு."

"சுத்த ரூம்ல எந்த இன்குபேட்டரு?"

"பழசுதான். காய வெச்சு ரிப்பேர் பண்ணிட்டாங்க."

"இன்வர்ட்டர்ல போட்டாங்களா?"

கலை காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கொட்டேஷன் வாங்குனதோட சரி."